வீட்டுக் கணினிக்கு பேக்கப் எடுப்பது எப்படி? மதுரைப் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கங்களிலும் வீட்டில் கணினி வைத்திருப்பவர்கள் பேக்கப் (கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைப்பது) குறித்துக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு விண்டோஸ் கணினி, இரண்டு மூன்று கைபேசிகள், ஓர் இணைய இணைப்பு உள்ள சாதாரண வீட்டை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. டிஸ்க் ஏற்கெனவே சத்தம் போட ஆரம்பித்துவிட்டவர்கள் நேராகக் கடைசிக் கேள்விக்குப் போய்விடுங்கள்.

கணினியில் இருப்பது எல்லாவற்றுக்குமே பேக்கப் வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸ் கெட்டால் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். இறக்கி வைத்த சினிமாவும் பாட்டும் மறுபடி கிடைக்கும். பத்திரத்தின் ஸ்கேன் அழிந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்க வழி இருக்கிறது. பட்டா, சிட்டாவை அரசு இணையதளத்திலேயே எடுக்கலாம். ஓட்டுநர் உரிமம் போன்றவை அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருக்கின்றன. தாத்தாவின் அறுபதாம் கல்யாணப் புகைப்படத்துக்கு இப்படி ஓர் அலுவலகம் கிடையாது.

ஆகவே முதல் வேலை, மறுபடி கிடைக்காதவற்றை ஒரே கோப்புறைக்குள் கொண்டுவருவது. குடும்பப் படங்கள், வீடியோக்கள், பிள்ளைகளின் ஒலிப்பதிவுகள், நீங்களே எழுதியவை, கணக்குகள். பிறகு அந்தக் கோப்புறையின் மேல் வலது சொடுக்கி, எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பாருங்கள். 40 ஜிபி என்றால் வழி ஒன்று, 400 ஜிபி என்றால் வழி வேறு. அந்த எண் தெரியாமல் டிஸ்க் வாங்கக் கிளம்பாதீர்கள்.

சி டிரைவில் இருப்பதை எல்லாம் டி டிரைவிலும் போட்டு வைத்திருக்கிறேன். அது பேக்கப்தானே?

பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் சி, டி, இ என்று தெரிவதெல்லாம் ஒரே டிஸ்க்கைப் பிரித்து வைத்த பகுதிகள். டிஸ்க் போனால் மூன்றும் ஒன்றாகப் போகும். விண்டோஸை மறுபடி நிறுவும்போது டி டிரைவ் தப்பிக்கும் என்பது உண்மை. அந்த ஓர் அனுகூலத்தை வைத்துத்தான் இந்தப் பழக்கம் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. மடிக்கணினியைப் பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு இறங்கினால் எந்த டிரைவும் உதவாது.

பென்டிரைவ் போதாதா? 2 டிபி (சுமார் 2,000 ஜிபி) பென்டிரைவ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே.

ஒரு நாள், இரண்டு நாள் கோப்பை இங்கிருந்து அங்கே கொண்டுபோகப் பென்டிரைவ் நல்ல சாதனம். வருடக்கணக்கில் வைத்துக்கொள்ள நம்பத் தகுந்தது அல்ல.

அந்த விலைக்கு வரும் 2 டிபி பென்டிரைவ் போலி. உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி சிப்பாக இருக்கும். கணினியிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் உள்நிரலை மாற்றியிருப்பார்கள். உண்மையான கொள்ளளவு நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்குப் பிறகு நீங்கள் போடும் கோப்புகளின் பெயர் மட்டும் பட்டியலில் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. சில சிப்புகள் பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதிவிடும். காப்பி முடிந்தது என்று திரையில் செய்தி வேறு வரும். திறந்து பார்க்கும் நாளில்தான் குட்டு உடையும். மெமரி கார்டிலும், சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வெளி எஸ்எஸ்டியிலும்கூட இதே மோசடி நடக்கிறது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழுக் கொள்ளளவுக்கும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். எங்கே வாங்கினாலும் காலியாக இருக்கும்போதே அதை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பெரிய டிஸ்க்குக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம்.

ஹார்டு டிஸ்க் வாங்கவா, எஸ்எஸ்டி வாங்கவா?

பீரோவில் வைத்து மாதம் ஒருமுறை எடுப்பதற்கு என்றால் கையடக்க ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். 1 டிபி அல்லது 2 டிபி போதும். எஸ்எஸ்டி வேகமானது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் அது தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைத்திருக்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடக்கும் காலம் நீள நீள, சூடு ஏற ஏற, அந்த மின்னூட்டம் கசியும். ஜெடெக் என்ற தர அமைப்பின் கணக்குப்படி, எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்துபோன வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரம் இன்றி 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும். புதிய எஸ்எஸ்டி இதைவிட அதிக நாள் தாங்கும் என்பது சரிதான். ஆனால் சித்திரை, வைகாசியில் 40 டிகிரியை எட்டிப்பிடிக்கும் ஊரில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணில் எஸ்எஸ்டியைப் போட்டு மறந்துவிட எனக்கு மனம் வராது. ஹார்டு டிஸ்க்கையும் அங்கே வைக்காதீர்கள். சூடு ஏறாத அறையின் பீரோ போதும். பூஜை அறை அலமாரி வேண்டாம், எண்ணெய்ப் புகை படியும்.

கூகுளில்தான் எல்லாம் தானாக ஏறிவிடுகிறதே, தனியாக டிஸ்க் எதற்கு?

ஏறுவது உண்மை. எவ்வளவு ஏறுகிறது என்பதைப் பாருங்கள். கூகுள் இலவசமாகக் கொடுக்கும் 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. புகைப்படங்களுக்கு வரம்பே இல்லை என்றிருந்த சலுகை 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. ஆண்ட்ராய்டு கைபேசியின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்த 15 ஜிபிக்குள்தான் எண்ணப்படுகிறது. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவும் ஆப்பிளின் ஐகிளவுடும் இலவசமாகத் தருவது 5 ஜிபி. இடம் நிரம்பியதும் ஏற்றம் நின்றுவிடும். அதைப் பற்றி வரும் மின்னஞ்சலை விளம்பரம் என்று நினைத்து யாரும் திறப்பதில்லை.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சேவைகள் பெரும்பாலும் செய்வது ஒத்திசைவு. ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். கைபேசியில் இடம் போதவில்லை என்று ஃபோட்டோஸ் செயலிக்குள் போய்ப் படங்களை அழிக்கிறீர்கள், கிளவுடிலும், அதாவது இணையத்தில் இருக்கும் சேமிப்பிலும், அவை போய்விடும். குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், டிரைவ் கோப்பு என்றால் 30 நாள். அந்தக் கெடு முடிந்தபின் யாரிடமும் கேட்க முடியாது.

இன்னொன்று, இரண்டு ஆண்டுகள் யாரும் நுழையாத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்த விதி. காலமான அப்பாவின் கணக்கில் படங்கள் இருக்கின்றன என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கிளவுட் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீடு பற்றி எரிந்தாலும் அது தப்பும், அந்தப் பலம் டிஸ்க்குக்கு இல்லை. மாதக் கட்டணம் கட்ட முடிந்தால் கட்டுங்கள், கூடவே ஒரு டிஸ்க்கும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஏற்றத்துக்கு மட்டும் பொறுமை வேண்டும். ஏற்றும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால் 200 ஜிபி ஏற 22 மணி நேரம் ஆகும், அதுவும் இடையில் கரண்ட் போகாமல் இருந்தால்.

எத்தனை நகல் வைத்துக்கொள்வது?

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 என்ற இந்தக் கணக்கைத்தான் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். கணினியில் இருப்பது ஒன்று, பீரோவில் இருக்கும் டிஸ்க் இரண்டு. மூன்றாவதுதான் நம் வீடுகளில் இருப்பதில்லை.

2024 அக்டோபர் 25 மழையில் செல்லூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது பலருக்கும் நினைவிருக்கும். கணினியும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேஜையில், அதுவும் கீழ்த்தளத்தில் இருந்தால் இரண்டும் ஒரே தண்ணீரில்தான் நனையும். திருட்டும் அப்படியே. மடிக்கணினியை எடுப்பவன் பக்கத்தில் கிடக்கும் டிஸ்க்கை விட்டுவிட்டுப் போகமாட்டான்.

வேறு இடம் என்றதும் வங்கி லாக்கர் என்று யோசிக்கத் தேவையில்லை. சொந்தபந்தம் எதற்கு இருக்கிறது? இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று அக்கா வீட்டில். சித்திரைத் திருவிழாவுக்கு அக்கா மதுரைக்கு வரும்போது அந்த டிஸ்க்கைக் கொண்டுவரட்டும், புதிதாக எழுதிய டிஸ்க்கை எடுத்துப்போகட்டும். பொங்கலுக்கு நீங்கள் போகும்போது மறுபடி ஒரு மாற்று. இடையில் சேர்ந்த சில மாதப் படங்களுக்குக் கிளவுடின் இலவச இடம் தாராளமாகப் போதும். கட்டணம் கட்டாமல் மூன்றாவது நகல் வைத்துக்கொள்ள நான் கண்டவற்றில் இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

அக்கா வீட்டில் யாராவது திறந்து பார்த்தால்?

டிஸ்க்கைப் பூட்டிக் கொடுங்கள். வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் போதும். விண்டோஸ் ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் அதிலேயே வரும் பிட்லாக்கர் என்ற பூட்டைப் பயன்படுத்தலாம். கடவுச்சொல்லை ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். மறந்துவிட்டால் மென்பொருளை உருவாக்கியவராலும் திறக்க முடியாது. மனைவிக்கோ கணவருக்கோ அந்தக் காகிதம் இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

இதை ஒட்டி ஓர் எச்சரிக்கை. புதிய விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில் நீங்கள் கேட்காமலே உள் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண், கணினியை முதலில் அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடக்கும். கடையில் இருந்த பையன் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலைப் போட்டு அமைத்துக் கொடுத்திருந்தால், உங்கள் சாவி அவனிடம் இருக்கிறது. இன்றைக்கே பாருங்கள்.

டிஸ்க்கைக் கணினியிலேயே செருகி வைத்துவிட்டால் வேலை சுலபம்தானே?

வேலை சுலபம், ஆபத்தும் அதிகம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், 2017 மே மாதத்தில் வன்னாகிரை உலகைக் கலக்கியபோது எல்லோருக்கும் அறிமுகமானது. அந்த வகை நிரல்கள் கணினியில் தெரிகிற டிரைவ் எல்லாவற்றிலும் நுழையும், செருகியிருக்கும் பேக்கப் டிஸ்க் உட்பட. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் வரும் மின்னழுத்த ஏற்றமும் அதே கேபிள் வழியாகத்தான் பாயும். எழுதி முடித்ததும் முறைப்படி வெளியேற்றி, பிடுங்கி, பீரோவில் வையுங்கள்.

எந்த மென்பொருள் நல்லது?

விண்டோஸிலேயே ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது, விண்டோஸ் 8 காலத்திலிருந்து. கண்ட்ரோல் பேனலுக்குள் தேடினால் கிடைக்கும். டிஸ்க் செருகியிருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை மாறிய கோப்புகளை நகலெடுக்கும், பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். போன வாரம் நன்றாக இருந்த கணக்குத் தாளை நேற்று யாரோ கெடுத்துவிட்டால், போன வார வடிவத்தை எடுக்கலாம். ஒரு குறை, அது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற வழக்கமான இடங்களை மட்டுமே பார்க்கும். நம் ஆட்கள் எல்லாவற்றையும் டி டிரைவில் வைத்திருப்பார்கள், அது விடுபட்டுவிடும். டி டிரைவில் உள்ள கோப்புறையை ஒரு லைப்ரரியில் (பல கோப்புறைகளை ஒன்றாகக் காட்டும் விண்டோஸ் பட்டியல்) சேர்த்தால்தான் அதன் கண்ணில் படும்.

இதெல்லாம் தலைவலி என்றால் கையாலேயே காப்பி செய்யுங்கள், தவறில்லை. தேதி போட்டு ஒரு கோப்புறை, அதற்குள் எல்லாம். இடம் அதிகம் பிடிக்கும், ஆனால் எந்தக் கணினியிலும் எந்த மென்பொருளும் இல்லாமல் திறக்கலாம். சற்றுத் தேர்ந்தவர்களுக்கு ஃபிரீஃபைல்சின்க் என்ற மென்பொருள் நன்றாக இருக்கும். அதில் ‘மிரர்’ முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். மூலத்தில் இல்லாததை அது டிஸ்க்கிலிருந்தும் நீக்கிவிடும். மூலக் கோப்புறை தவறுதலாகக் காலியாக இருந்தால் பேக்கப்பும் காலி.

ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்களுக்கு டைம் மெஷின் இருக்கிறது. ஒரு டிஸ்க்கைச் செருகி, அதற்கே ஒதுக்கிவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். வேறொன்றும் தேட வேண்டாம்.

பழைய தமிழ்க் கோப்புகளைப் புதிய கணினியில் திறந்தால் எழுத்து புரியவில்லை. பேக்கப் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. இது அச்சுத் தொழிலில் இருந்தவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் வீட்டில் அடிக்கடி வரும் பிரச்சினை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். தமிழக அரசே 2010இல்தான் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அந்தப் பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் பதிவாகியிருப்பது தமிழ் எழுத்தே அல்ல. பாமினியில் அடித்த கோப்பு என்றால் உள்ளே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் இருக்கும். அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அதனால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது.

ஆகவே இத்தகைய கோப்பு இருப்பவர்கள், பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபான்ட்ஸ் முழுவதையும் பேக்கப் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் அடித்தது என்று ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. அடுத்து, முக்கியமானவற்றைப் பழைய கணினியிலேயே பிடிஎஃப் ஆக மாற்றுங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்துவிடும், எங்கே திறந்தாலும் தமிழாகத் தெரியும். ஆனால் பிடிஎஃபில் தேடவோ திருத்தவோ முடியாது. அதற்கு என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்க வேண்டும். மாற்றியபின் ஒருமுறை படித்துப் பாருங்கள், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சில இடங்களில் சண்டை போடும்.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைத்த கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் மலர்களும் இன்னும் மோசமான நிலையில் இருக்கின்றன. அதன் கடைசிப் பதிப்பான 7 வெளிவந்தது 2001இல். கோப்பு இருக்கும், திறக்க மென்பொருள் இருக்காது. அவற்றுக்கும் பிடிஎஃப்தான் கதி. குலதெய்வக் கோயில் வரலாற்றையோ வம்சாவளியையோ இப்படி ஒரு கோப்பில் வைத்திருப்பவர்கள், இரண்டு பிரதி அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தையும் ஒரு நகலாகவே எண்ணுகிறேன்.

கல்யாண வீடியோ டிவிடியில் இருக்கிறது. அது போதுமா?

போதாது. வீட்டில் எழுதப்படும் டிவிடியில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் ஈரமும் அதைக் கெடுக்கும், பூஞ்சையும் பிடிக்கும். புதிய மடிக்கணினிகளில் டிவிடி டிரைவே வருவதில்லை. யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கியாவது இந்த வாரமே டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஒரு டிவிடி அதிகபட்சம் 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு என்றால் சுமார் இரு மடங்கு. இனிமேல் திருமணம் வைத்திருப்பவர்கள், ஸ்டூடியோவிடம் ஆல்பத்தோடு மூலக் கோப்புகளையும் டிஸ்க்கில் கொடுக்கும்படி முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். அவர்களும் அடுத்தடுத்த முகூர்த்தங்களுக்கு இடம் வேண்டும் என்று பழையதை அழித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் எல்லாப் படமும் இருக்கிறதே?

வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். கைபேசித் திரையில் நன்றாக இருக்கும், சட்டம் போட்டு மாட்டலாம் என்று பெரிதாக அச்சிட்டால் முகம் கலங்கும். எடுத்தவரிடமிருந்து மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும்.

கடைக் கணக்கு டாலியில், வீட்டுக் கணினியில்தான் இருக்கிறது.

டாலி என்ற கணக்கு மென்பொருளில் பேக்கப் என்றே ஒரு கட்டளை இருக்கிறது, தினமும் கடை மூடும்போது ஓட்டுங்கள். சட்டத்தின் பார்வையில் உங்கள் புகைப்படங்களைவிட இது முக்கியம். ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. ஆடிட்டரிடம் இருக்கும் நகலை உங்கள் நகலாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டு டிஸ்க் உள்ள நாஸ் பெட்டி வாங்கலாமா?

நாஸ் என்பது வீட்டுக் கணினிகள் எல்லாம் நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி. வீட்டில் நான்கைந்து பேர் கணினியில் வேலை செய்தால் வாங்கலாம். மற்றவர்களுக்குச் செலவுதான். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவல் ஓடிக்கொண்டிருப்பதால் ஒன்று பழுதானால் மற்றது தாங்கும், ஆனால் நீங்கள் அழித்தால் இரண்டிலும் அழியும். அதற்கும் தனியாக பேக்கப் வேண்டும்.

பேக்கப் ஒழுங்காக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிஸ்க்கை உங்கள் கணினியில் அல்லாமல் வேறொரு கணினியில் செருகுங்கள். பழைய வருடத்தில் ஒரு வீடியோ, நடுவில் ஒரு படம், போன மாதத்தில் ஒரு கோப்பு என்று எடுத்து, அந்தக் கணினிக்குக் காப்பி செய்து திறந்து பாருங்கள். வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். கோப்பின் பெயர் தெரிவதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். தேதி மறக்காமல் இருக்க ஆயுத பூஜையை வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்குச் சந்தனம் வைக்கும் நாளில் டிஸ்க்கையும் எடுத்துப் பார்ப்பது கஷ்டமில்லை. மற்ற ஆறு மாதத்துக்கு மார்ச் 31 இருக்கிறது, அதை உலக பேக்கப் தினம் என்றே கொண்டாடுகிறார்கள்.

ஐந்து வருடம் ஆன டிஸ்க் நன்றாக ஓடினாலும் புதியது வாங்கி அதற்கு மாறிவிடுங்கள். பழையதைத் தூக்கி எறிய வேண்டாம், கூடுதல் நகலாக இருக்கட்டும்.

டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறது. பேக்கப் இல்லை. என்ன செய்வது?

உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பதுதான் அதைக் கொல்லும். படிக்கும் முனை தட்டின் மேல் உரசிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு சுற்றும் தகவலைச் சுரண்டி எடுக்கும். டிஸ்க்கைப் பிரித்துப் பார்க்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். தூசி இல்லாத அறையும் மாற்றுப் பாகங்களும் வைத்திருக்கும் மீட்பு நிறுவனத்திடம்தான் போக வேண்டும். கட்டணம் பல ஆயிரங்களில் இருக்கும். தகவல் கிடைக்காவிட்டால் பணம் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

சத்தம் இல்லை, தவறுதலாக அழித்துவிட்டேன் என்றால் நிலைமை வேறு. அந்த டிஸ்க்கில் இனி ஒன்றும் எழுதாதீர்கள், இணையத்தில் உலாவுவதுகூட எழுதும் வேலைதான். கணினியை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, வேறு கணினியில் செருகி, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மீட்டவற்றை அதே டிஸ்க்கில் சேமிக்காமல் இன்னொன்றில் சேமியுங்கள். ஹார்டு டிஸ்க், மெமரி கார்டு என்றால் பெரும்பகுதி கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. மடிக்கணினியின் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி என்றால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு, அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும்.